பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறதுதானே?

கனி அப்பா, தாராவி. 11 ஜூன் 2024, இரவு 11.20

மகளுக்கு நாலு வயது. தலசீமியா என்ற ரத்த நோய். அடுத்த மாதம் எலும்பு மஜ்ஜை மாற்று. அண்ணன் மஜ்ஜை பொருந்திவிட்டது. மற்ற டெஸ்ட் எல்லாம் முடிந்தது, இப்போது பல் டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வரச் சொல்கிறார்கள். கடைவாயில் ரெண்டு பல் கறுப்பாக இருக்கிறது, வலி ஒன்றும் இல்லை. பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது, இதற்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டுமா? எங்கள் அம்மா வேறு, ஆஸ்பத்திரியில் பிரஷ் போடாதே, ரத்தம் வந்தால் நிற்காது என்கிறார். பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

செம்பூர் ஜெயா. 12 ஜூன், காலை 6.05

அலையுங்கள் தம்பி. கூலி போனால் போகட்டும். இப்போது டிபன் கட்ட வேண்டும், ராத்திரி எழுதுகிறேன்.

12 ஜூன், இரவு 10.15

என் மகனுக்கு 2017ல் மாற்று நடந்தது. அப்போது மூன்றரை வயது. ரத்தப் புற்றுநோய், அக்காவின் மஜ்ஜை. இப்போது பத்து வயது, வாய் ஓயாது. அந்த வாயைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அவனுக்கும் இதே சீட்டு கேட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். கீழ் வரிசையில் இடப்பக்கம் கடைசிப் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மொத்தம் மூன்று நிமிடம். 'பால் பல்தானே, தானா விழுந்துடும்' என்றார், நீங்கள் எழுதியிருக்கிற அதே வாக்கியம். சீட்டில் சீல் விழுந்தது. ஒரு வேலை முடிந்தது என்று எனக்கும் நிம்மதி. கிளினிக் பெயரை எழுதமாட்டேன், ஏனென்றால் தப்பில் பாதி என்னுடையது. சீட்டு எதற்காக என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. 'ஆஸ்பத்திரியில் கேட்டாங்க' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

மஜ்ஜை ஏற்றிய ஆறாம் நாள் காய்ச்சல் 103. மறுநாள் இடது தாடை உப்பியது. பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்து, புதுசு இன்னும் பிடிக்காமல், வெள்ளை அணு பூஜ்யத்தில் நின்ற நாட்கள் அவை. அணுவே இல்லாதபோது சீழ்கூடக் கட்டாது, வீக்கமும் காய்ச்சலும் மட்டும்தான். ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு இல்லாததால் பல்லைப் பிடுங்கவும் முடியாது. ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தோம். ஒரு பால் பல்லுக்காக.

உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். பல் விழுவதற்கு இன்னும் ஆறேழு வருடம் இருக்கிறது. கனியின் வெள்ளை அணு விழுவதற்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.

12 ஜூன், இரவு 10.50

முக்கியமானதை விட்டுவிட்டேன். போகும்போது மாற்று தேதியையும் கடைசி ரத்த ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் குழந்தைக்குப் பால் பல்லில் ரூட் கெனால் செய்து காப்பாற்றுவார்கள். நம் பிள்ளைகளுக்கு, சொத்தை ஆழமாகப் போயிருந்தால், பிடுங்கிவிடுவதையே பலரும் விரும்புகிறார்கள். உள்ளே கொஞ்சம் கிருமி தங்கினாலும் அது காத்திருக்கும். பிடுங்குவதாக இருந்தால் மருந்து ஆரம்பிப்பதற்குக் குறைந்தது 10 நாள் முன்னால், முடிந்தால் இரண்டு மூன்று வாரம் முன்னால். குழி ஆற வேண்டும். ஆடிக்கொண்டிருக்கிற பல் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

மாஹிமில் ரயில் ஏறினால் மும்பை சென்ட்ரல், அங்கே நாயர் பல் மருத்துவக் கல்லூரி. சி.எஸ்.டி. பக்கம் போக முடிந்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரி. இரண்டிலும் குழந்தைப் பல்லுக்குத் தனிப் பிரிவு உண்டு. காலையிலேயே போய்விடுங்கள்.

13 ஜூன், மதியம்

பிரஷ் விஷயம். உங்கள் அம்மா சொன்னதைத்தான் நாங்களும் செய்தோம். ஈறில் ஒரு பொட்டு ரத்தம் பார்த்ததும் பிரஷைத் தூக்கிப் பைக்குள் வைத்துவிட்டேன். பத்து நாள் வெறும் பஞ்சுக் குச்சி.

அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. முன்பெல்லாம் தட்டணு ஓர் எண்ணுக்குக் கீழே போனால் பிரஷை நிறுத்துவார்கள். இப்போது குழந்தைப் பல் மருத்துவர்கள் சொல்வது: அணுக்கணக்கு எதுவானாலும் மென்மையான நைலான் பிரஷால் தினம் இரண்டு மூன்று முறை தேய்த்துக்கொண்டே இருக்கலாம். பல்லில் படிகிற அழுக்குதான் ஈறைப் புண்ணாக்கி ரத்தத்தை வரவைக்கிறது. நாம் ரத்தத்துக்குப் பயந்து பிரஷை நிறுத்துகிறோம், அழுக்கு சேர்கிறது, இன்னும் ரத்தம் வருகிறது. பஞ்சுக் குச்சி பல்லைச் சுத்தம் செய்யாது, வாயை ஈரமாக்கும், அவ்வளவுதான். புண் அதிகமாகிப் பிரஷ் தாங்கவே முடியாத இரண்டு மூன்று நாளுக்கு வேண்டுமானால் அது.

உங்கள் வார்டு வேறு விதி வைத்திருந்தால் அங்கே சண்டை போடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள்.

16 ஜூன், ஞாயிறு

மழை. ஹார்பர் லைன் ரயில் வழக்கம்போல. வீட்டில் இருக்கிறேன், எழுத நேரம் இருக்கிறது.

மாற்றுக்கு முன் கொடுக்கிற மருந்துகளில் மெல்ஃபலான் என்று ஒன்று. அது ஏறும்போது வாயில் ஐஸ் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நர்ஸ் சிஸ்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஐஸ் செய்து, உடைத்து, கிண்ணத்தில் கொண்டுவந்தார். என் மகன் 'கோலா, கோலா' என்று குதித்தான். ஜுஹு கடற்கரையில் அவன் அப்பாவிடம் கெஞ்சி ஒருமுறை காலா கட்டா கோலா (கலர்ப் பாகு ஊற்றிய ஐஸ்) வாங்கித் தின்றிருக்கிறான், அந்த ஞாபகம். இதில் கலரும் இல்லை, இனிப்பும் இல்லை. ஐந்து நிமிடத்தில் ஏமாற்றம் புரிந்து துப்பிவிட்டான். அப்புறம் அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று தானும் ஐஸ் தின்று காட்ட, போட்டிக்குத் தின்றான். ஊசி தொடங்குவதற்கு முன்னிருந்து முடிந்து அரை மணி வரை.

இது வீட்டு வைத்தியம் அல்ல. அந்த மருந்து ரத்தத்தில் கொஞ்ச நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் வாய் குளிர்ந்திருந்தால் ரத்தக் குழாய் சுருங்கி, வாய்த்தோலுக்குப் போகிற மருந்து குறைகிறது. கனிக்கும் கட்டாயம் செய்யுங்கள்.

16 ஜூன், மாலை

கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். கனிக்கு மெல்ஃபலான் இருக்கிறதோ இல்லையோ. புசல்ஃபான் போன்று நாள்கணக்கில் ஏறுகிற மருந்துக்கு ஐஸ் உதவாது. எந்த மருந்து என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அனுபவம் என்ற பெயரில் நான் இப்படித்தான் உளறுவேன், கவனமாக இருங்கள்.

19 ஜூன்

ஊரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி கொடுக்கவில்லையா என்று. என் மாமியாரும் அதையேதான் கேட்டார். மாட்டுங்கா மார்க்கெட்டில் கீரை வாங்கி, தேங்காய்ப்பால் ஊற்றி வைத்து, டப்பாவில் போட்டு வார்டு வாசலில் நின்றார்.

சாதாரண வாய்ப்புண் வேறு, இது வேறு. வாய்க்குள் இருக்கிற தோல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருக்கும். மருந்து அந்தப் புதுப்பித்தலை நிறுத்திவிடுகிறது. பழைய தோல் உதிர்கிறது, புதுசு வரவில்லை. உதட்டிலிருந்து தொண்டை வரை தீப்பட்ட மாதிரி. ஐந்தாம் நாள் தொடங்கி இரண்டு வாரம் வரை போகும். என் மகன் தன் எச்சிலையே விழுங்க முடியாமல் கிண்ணத்தில் வடியவிட்டான். மார்ஃபின் ஓடியது. அந்த வாய்க்குக் கீரை என்ன செய்யும்? உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீர், அதுவும் துணியில் நனைத்து. சில ஆஸ்பத்திரிகளில் சிவப்பு லேசர் ஒளி காட்டுகிறார்கள், எங்கள் இடத்தில் அப்போது இல்லை. தேன் தடவலாமா என்று ஒரு சித்தி கேட்டார். காய்ச்சாத தேன் அந்த வார்டுக்குள்ளேயே வரக்கூடாது.

அப்புறம் ஒரு காலை, வெள்ளை அணு 200, மறுநாள் 500 தாண்டியது. மூன்று நாளில் வாய் ஆறிவிட்டது. முதல் வார்த்தை 'பசிக்குது' இல்லை. 'டிவி போடு.'

மாமியாரின் கீரையை நானும் நர்ஸும் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

24 ஜூன்

தனிச்செய்தியில் ஒருவர், மும்பையில் ஏன் செய்தீர்கள், இந்தியாவில் மஜ்ஜை மாற்றைத் தொடங்கியதே வேலூர்தானே என்று கேட்டார். நானும் ஆமாம் என்று பதில் போட்டேன். தப்பு. தொடங்கியது இங்கேதான்: 1983ல் டாட்டா மெமோரியலில், டாக்டர் சுரேஷ் அத்வானி, ஒன்பது வயதுச் சிறுமிக்கு, அவள் அண்ணன் மஜ்ஜையை வைத்து. வேலூர் சி.எம்.சி. 1986. ஊர்ப்பாசத்தில் மூன்று வருடத்தை விழுங்கிவிட்டேன்.

9 ஜூலை

கனி இன்று உள்ளே போய்விட்டாள். அதற்கு முன் இரண்டு பல்லையும் எடுத்தாயிற்று என்று கனி அப்பா எழுதியிருக்கிறார். ஒன்றில் சொத்தை நரம்பைத் தொட்டிருந்ததாம். வலியே இல்லை என்றீர்களே தம்பி.

வெளியே வந்த பிறகு நடப்பது பற்றி இப்போதே எழுதிவைக்கிறேன், அப்போது உங்களுக்குப் படிக்க நேரம் இருக்காது.

மாற்று முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரு தட்டு நிறைய மருந்து. குழந்தை என்பதால் பாதி சிரப்பு. சிரப்பு என்றால் பலவற்றில் சர்க்கரைப் பாகு. புது மஜ்ஜை உடம்போடு சண்டை போடாமல் இருக்கத் தருகிற சைக்ளோஸ்போரின் எண்ணெய் நாற்றம் அடிக்கும், அதை ஜூஸில் கலந்து தந்தோம். பம்ளிமாஸ் வகைப் பழம் மட்டும் கூடாது, ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். ராத்திரி பத்து மணி டோஸ் குடித்துவிட்டு அப்படியே தூங்குவான். எழுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? எச்சிலும் குறைவாகச் சுரக்கிற காலம் அது. எச்சில்தான் பல்லைக் கழுவுகிற தண்ணீர், இரவில் அது இன்னும் குறையும். ஆறு மாதத்தில் மேல் முன்பற்களின் ஈறோரம் வெள்ளைக்கோடு, பிறகு பழுப்பு. இந்தச் சொத்தையை மருந்தால் வாங்கினோம் என்று என் கணவர் சொல்வார்.

சர்க்கரை இல்லாத வகை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் மருந்துக்குப் பின் ஒரு வாய் தண்ணீர், பிறகு ஈரத் துணியால் ஒரு துடைப்பு. தூங்கினாலும் துடைக்கலாம்.

இன்னொன்று. ஸ்டீராய்டால் ஈறு வீங்கிப் பல்லையே மூடிவிட்டது. சிரித்தால் பாதிப் பல்தான் தெரியும்.

10 ஜூலை

ஒரு வாசகர், அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், திருத்தியிருக்கிறார். ஈறு வளர்வது ஸ்டீராய்டால் அல்ல, சைக்ளோஸ்போரினால். அதோடு ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுத்திருந்தால் இன்னும் கூடும். பழைய ஃபைலைப் புரட்டினேன். இரண்டும் இருக்கிறது. ஏழு வருடமாக அப்பாவி ஸ்டீராய்டைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கன்னம் உப்பியது மட்டும் அதன் வேலை.

மருந்தை நிறுத்தியதும் ஈறு மெல்ல இறங்கியது. சுத்தமாக வைத்திருந்தால் வளர்வது குறையும் என்பதும் உண்மை. நாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, அதையும் எழுதிவிடுகிறேன், யாராவது செய்துவிடப் போகிறார்கள்.

21 ஜூலை

கனிக்கு மஜ்ஜை ஏற்றி இன்று எட்டாம் நாள். வாய்ப்புண் வந்துவிட்டது, பேசவில்லை. தாடை வீங்கவில்லை. தம்பி, அந்தக் கடைசி வார்த்தையை நான் நாலு தடவை படித்தேன்.

நீங்கள் காத்திருக்கும்போது சிரிக்க ஒன்று. மாற்று முடிந்ததும் மாமியார் கேட்டார்: 'அக்கா மஜ்ஜைதானே போட்டிருக்கு, இனி பல்லும் அக்கா மாதிரி வரிசையா முளைக்குமா?' அவனுடைய ரத்தம் அக்கா வகைக்கு மாறிவிட்டது, பல் ஏன் மாறக்கூடாது என்பது அவர் வாதம். கேட்டபோது சிரித்தேன். பிறகுதான் அந்தக் கேள்வியின் முதுகில் இருந்த விஷயம் புரிந்தது.

மஜ்ஜை ரத்தத்தை மாற்றும். பல் முளைப்பது தாடைக்குள் அவனவன் வைத்திருக்கிற முளையிலிருந்து. ஆறு வயதில் வெளியே வருகிற கடைவாய்ப்பல் பிறக்கும்போதே உள்ளே கட்டத் தொடங்கிவிடுகிறது. வரிசையில் அதற்கு முன்பக்கம் இருக்கிற சின்னக் கடைவாய்ப்பற்கள் ஒன்றரை இரண்டரை வயதுவாக்கில், பன்னிரண்டு வயதுப் பல் மூன்று வயதுவாக்கில். வேர் அதற்கெல்லாம் பிறகு, பல் வெளியே வந்து இரண்டு மூன்று வருடம் வரை. வேகமாக வளர்கிற அணுக்களைக் கொல்லத்தான் மருந்து போகிறது. நோயணு எது, பல் முளை எது என்று அதற்குத் தெரியாது. உடல் முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்த குழந்தைக்கு இன்னும் கடுமை, தாடையே சின்னதாக நின்றுவிடலாம். ஐந்து வயதுக்குள், அதிலும் மூன்றுக்குள், சிகிச்சை நடந்தவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம்.

ஏழரை வயதில் முதல்முறை ஓ.பி.ஜி. எடுத்தோம், முழுத் தாடைக்குமான எக்ஸ்ரே. கல்லூரி டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் வைத்து, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: 'மூன்று மூன்றரை வயதில் ஏதாவது பெரிய சிகிச்சை நடந்ததா?' நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மரத்தை அறுத்து எந்த வருடம் மழை பொய்த்தது என்று பார்ப்பார்களே, அப்படி.

ஆறு வயதுப் பல்லின் தலை நன்றாக இருக்கிறது, வேர் மட்டும் குட்டையாக, ஆங்கில வி எழுத்து மாதிரி கூம்பி நின்றுவிட்டது. மேலே இரண்டு சின்னக் கடைவாய்ப்பல் அரிசி அளவு. கீழே இரண்டு பக்கமும் கடைசிப் பால் பல்லுக்கு அடியில் ஒன்றுமே இல்லை, காலி. அந்தப் பால் பற்கள் விழுந்தால் மாற்றாக வர ஆளில்லை.

இடது பக்கத்துப் பால் பல்லை ஏற்கனவே எடுத்தாகிவிட்டது. மேலே எழுதினேனே, அந்தக் கறுப்புப் புள்ளிப் பல். அணு ஏறியபிறகு ஆறு வாரம் கழித்துப் பிடுங்கினார்கள். ஆகவே அந்தப் பக்கம் ஓட்டை.

3 ஆகஸ்ட்

ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். தன் மகனுக்கு எந்த நோயும் இல்லை, சிகிச்சையும் இல்லை, ஆனால் அதே பல் பிறவியிலேயே இல்லை, நீங்கள் எப்படி மருந்தின்மேல் பழி போடுகிறீர்கள் என்கிறார். டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஆமாம், சாதாரணமாகவே பலருக்கு இல்லாமல் போகிற பற்களில் அதுவும் ஒன்றாம். அந்த ஒரு பல்லை மட்டும் வைத்து மருந்து என்று சொல்ல முடியாது. குட்டை வேரும் அரிசிப் பல்லும் சேர்ந்து இருப்பதுதான் அடையாளம். சரி, அந்தப் பல் இல்லாதது எங்கள் குடும்பச் சொத்தாகவும் இருக்கலாம். என் கணவர் பக்கம் என்று நினைக்கிறேன்.

8 செப்டம்பர்

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. மாடி வீட்டு மராத்தி ஆஜி மோதக் கொடுத்தார், நான் கொழுக்கட்டை கொடுத்தேன். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: இனிப்பு சாப்பாட்டோடு சேர்த்து, ஒரே முறை, நாள் முழுக்கக் கொறிப்பது கிடையாது. சர்க்கரையின் அளவைவிட எத்தனை தடவை வாயில் படுகிறது என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. பிள்ளையாருக்கே ஒரு தந்தம் போய்விட்டது என்று மகன் என்னைக் கிண்டல் செய்கிறான்.

கனி வீட்டில் இருக்கிறாள், நல்ல சேதி. ஆனால் பேஸ்ட் எரிகிறது என்று அழுகிறாளாம். கவனியுங்கள். புதினா வாசனை இல்லாத பேஸ்ட் முதலில் மாற்றிப் பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கோரம் டார்ச் அடித்து, கோலம் போட்ட மாதிரி வெள்ளைக் கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். என் மகனுக்கு எட்டாம் மாதத்தில் வந்தது. முதலில் ரசம் எரிந்தது. அடம் என்று நினைத்து அதட்டினேன். அது ஜி.வி.எச்.டி., வந்த மஜ்ஜை வீட்டுக்காரனோடு போடுகிற சண்டை. ஸ்டீராய்டு கலந்த திரவத்தை நாலைந்து நிமிடம் வாயில் வைத்துத் துப்ப வேண்டும். நாலு வயசுப் பிள்ளை துப்புமா, விழுங்கும். அப்பாவும் பிள்ளையும் வாஷ்பேசினில் தண்ணீரை வைத்துத் துப்பும் போட்டி நடத்திப் பழக்கினார்கள். கண்ணாடியில் இன்னும் கறை இருக்கிறது. அந்தத் திரவத்தால் வாயில் பூஞ்சை வரலாம், அதையும் பார்க்க வேண்டும்.

கனிக்கு அதுவாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் அடுத்த ஓ.பி.டி. வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள் என்கிறேன்.

9 செப்டம்பர்

வெறும் புதினா எரிச்சலாம். பேஸ்ட் மாற்றியதும் சரியாகிவிட்டது. மருத்துவர் பார்த்துவிட்டு வெள்ளைக் கோடு ஏதும் இல்லை என்றாராம். நான் ஒரு ராத்திரி உங்களைத் தூங்கவிடவில்லை, மன்னியுங்கள்.

பேஸ்ட் வாங்கும்போது டியூபில் ஃப்ளூரைடு எவ்வளவு என்று படியுங்கள். இங்கே 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) வரைதான் அனுமதி. பொம்மை படம் போட்ட சிலதில் அதில் பாதிகூட இருக்காது. கனி வயதுக்குப் பட்டாணி அளவு. பல் டாக்டர் தூரிகையால் தடவுகிற ஃப்ளூரைடு வார்னிஷ் 22,600 பி.பி.எம்., மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்கு. ஆனால் இந்த மாதிரி அவசரமில்லாத வேலைக்கு முதல் நூறு நாள் பல் கிளினிக் பக்கமே வேண்டாம், அதற்குப் பிறகும் மாற்று டாக்டர் சரி சொன்னால்தான்.

27 அக்டோபர்

கிளிப் போடலாமா என்று கேட்டவருக்கு: நாங்களும் கேட்டோம். மாற்று முடிந்து குறைந்தது இரண்டு வருடம் போக வேண்டும், நோய் திரும்பியிருக்கக் கூடாது. குட்டை வேர் என்றால் மெதுவாக, லேசான இழுவையில், இல்லையென்றால் போடாமலே. எங்களுக்கு 'போடாமலே'. கொஞ்சம் கோணல் இருக்கட்டும்.

கொஞ்சம் பயமுறுத்துவதையும் எழுதிவிடுகிறேன். இந்தக் குழந்தைகளுக்கு, அதிலும் வாயில் ஜி.வி.எச்.டி. வந்தவர்களுக்கு, பின்னாளில் வாய்ப் புற்று வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வருடாவருடம் வாயைக் காட்டுவது ஆயுள் முழுக்க. மகாராஷ்டிராவில் குட்காவை 2012லேயே தடை செய்துவிட்டார்கள். குர்லா ஸ்டேஷன் படிக்கட்டுச் சுவர் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. அதைக் காட்டிக் காட்டித்தான் மகனை வளர்க்கிறேன்.

15 ஜனவரி 2025

நேற்று பொங்கல். மாட்டுங்காவிலிருந்து கரும்பு வந்தது. எல்லாப் பிள்ளைகளும் கடித்து இழுத்தார்கள். என் மகன் கத்தியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். குட்டை வேருக்குக் கரும்பு இழுக்கிற வேலை கூடாது என்பது அவனுக்கே தெரியும். சீவி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுத்தேன். மற்ற பிள்ளைகளும் கடிப்பதை விட்டுவிட்டுத் தங்களுக்கும் வெட்டித் தரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் போனது.

2 மார்ச்

கனி அப்பா கேட்டிருந்தார், வலது பக்கத்துப் பால் பல் என்ன ஆனது என்று. இருக்கிறது. ஸ்டீல் கேப் போட்டிருக்கிறோம். அடியில் வாரிசு இல்லாததால் அதன் வேரைக் கரைக்க ஆளில்லை, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வயதைத் தாண்டியும் நிற்கலாம் என்கிறார் டாக்டரம்மா. அதுவரை நின்றால் பிறகு வேறு வழி பார்க்கலாம்.

மாமியார் வந்திருக்கிறார். பேரனுக்கு விழுகிற ஒவ்வொரு பால் பல்லையும் சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறிய வேண்டும் என்பது அவர் கணக்கு. நாலாவது மாடியில் கூரைக்கும் சாணிக்கும் எங்கே போவது, சொசைட்டி செகரட்டரி என்ன சொல்வார் என்பது தனிக் கதை. நேற்று வாயைத் திறக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தவர், அந்த ஸ்டீல் பல்லைத் தட்டி, 'இது எப்பப்பா விழும்?' என்றார்.

'இது உனக்கு இல்ல பாட்டி' என்று சொல்லி வாயை மூடிக்கொண்டான்.